பெண்கள் கல்லூரியின் கிரிக்கெட் அணி

லண்டனுக்கு வந்த புதிதில் என் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. "பிள்ளை, நீர் ஊரிலை எந்தப் பள்ளிக்கூடம்?" என்றுதான் கேட்பார்கள். கோயிலில், கலியாண வீட்டில், அப்டன் பார்க்கில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நிற்கும்போது, எங்கே கண்டாலும் அதுதான் முதல் கேள்வி. பள்ளிக்கூடத்தைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் மிச்சமும் தெரிந்துவிடும். எனக்கு அந்தக் கேள்வி பாதி சந்தோசம், பாதி எரிச்சல். என் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும், அது சந்தோசம். சொல்லி முடித்ததும் கேட்டவர், "ஓ, பெண்கள் கல்லூரி" என்று ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "அவர் எந்தக் கல்லூரி?" என்று என் கணவரிடம் தாவிவிடுவார். அது எரிச்சல்.

எங்கள் ஊரில் பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் கல்லூரி என்றுதான் பெயர். அந்தக் கல்லூரிகளின் பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை எழுதினால் மற்றவர்கள் கோபிப்பார்கள். ஒன்றையும் எழுதாவிட்டால் எல்லோரும் ஒரே அளவாகக் கோபிப்பார்கள், அது பரவாயில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட சிலர் சேர்ந்து யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்களுக்கென்று ஒரு விளையாட்டு ஒன்றியம் தொடங்கினார்கள். நான்கு கல்லூரிகள், நான்கும் ஆண்கள் கல்லூரிகள். சட்டனில் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து, கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட். கடைசி ஞாயிறு விளையாட்டு விழா. அன்றைக்கு ஒலிபெருக்கியில் ஒவ்வொரு கல்லூரியின் பெயராகக் கூப்பிட, அவரவர் கொடியோடு அணிநடை போவார்கள். வயிறு முன்னால் போகும், ஆள் பின்னால் போவார். ஆனாலும் அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் வரும்போது ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கவேண்டும்.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஆட்கள் வந்து குவிந்தார்கள், கல்லூரிகளும் கூடின. கூடினால் சும்மா இருப்போமா? ஒரு கல்லூரியின் சங்கம் யார் தலைவர் என்ற சண்டையில் இரண்டாக உடைந்தது. இரண்டு சங்கமும் ஒன்றியத்தில் சேர்ந்து, ஒரே கொடியோடும் ஒரே கல்லூரிக் கீதத்தோடும் ஒன்றுக்கு ஒன்று எதிராக விளையாடின. வேறு இரண்டு சின்னக் கல்லூரிகளுக்குப் பதினொரு பேர் தேறவில்லை. இரண்டும் ஒட்டி ஓர் அணி என்று முடிவாகி, யாருடைய பெயர் முன்னால் வருவது என்பதில் ஒரு மாரிகாலம் கழிந்தது. இன்னொரு கல்லூரி, இடைவேளையில் தங்களுக்குத் தேத்தண்ணியோடு தின்ன ரோல்ஸ் பிந்தி வந்தது என்று கோபித்துக்கொண்டு விலகிப் போனது. அடுத்த கோடையில் ஒன்றும் நடக்காத மாதிரித் திரும்பி வந்தது. வேறு எங்கே போவது?

நடுவராக எங்கள் ஆட்களில் ஒருவரையும் நிறுத்த முடியாது, யாரைப் பிடித்தாலும் அவருக்கு ஒரு கல்லூரி இருக்கும். கடைசியில் சட்டனிலேயே வசித்த ஒரு மலேசியத் தமிழரைப் பிடித்தார்கள். படிக்க வந்து கணக்காளராகிவிட்டவர். எங்கள் சண்டை ஒன்றும் அவருக்கு விளங்காது. அதுதான் அவருடைய தகுதி.

ஒன்றியம் பெருமையாக வைத்திருந்த விதி ஒன்று உண்டு. அந்தந்தக் கல்லூரியின் பழைய மாணவர்தான் அந்தந்த அணிக்கு விளையாடலாம். ஆனால் பழைய மாணவர் என்றால் யார்? ஒன்றியத்தின் தலைவர் எங்களூர்ப் பெரிய கல்லூரிக்காரர், கவுன்சிலில் எஞ்சினியர். எல்லோருக்கும் அவர் தலைவர் அண்ணை. அவருடைய அணிக்கு ஒரு நல்ல பந்துவீச்சாளர் தேவைப்பட்டார். கைக்கு அகப்பட்டவர் அந்தக் கல்லூரியில் ஒரே ஒரு தவணை, மூன்றே மாதம், படித்துவிட்டு, குழப்படி தாங்காமல் வெளியே அனுப்பப்பட்டவர். தலைவர் அண்ணை பொதுக்கூட்டத்தில் எழும்பி, எந்த வகுப்பிலாயினும் ஒரு தவணையாவது படித்தவர் அக்கல்லூரியின் பழைய மாணவரே என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒருவரும் எதிர்க்கவில்லை. ஒவ்வொரு கல்லூரிக்காரரின் கையிலும் இப்படி ஒருவர் இருந்தார்.

பெண்களுக்கு அங்கே என்ன வேலை? ரோல்ஸ். சனிக்கிழமை பின்னேரம் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுச் சின்னக் குசினியில் பெண்கள் கூடுவோம். ஒருத்தி கிழங்கு அவிப்பாள், ஒருத்தி ரொட்டி சுடுவாள், ஒருத்தி சுற்றுவாள், நான் பொரிப்பேன். வந்தவர்களில் அரைவாசிப் பேர் என்னுடைய கல்லூரி. மறுநாள் காலை ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லண்டனின் கிழக்கிலிருந்து தெற்குக்குப் போய், கூடாரத்துக்குள் நின்று தேத்தண்ணி ஊற்றுவோம். எங்களைப் பார்த்தால் இதற்கென்றே பிறந்தவர்கள் போல இருந்திருக்கும்.

நான் வலைப்பந்து விளையாடினவள். சென்டர். மைதானம் முழுக்க ஓடுகிற இடம் அது. வாய் பெரிது, கால் அதைவிட வேகம் என்று என் பயிற்சியாளர் சொல்வார். பாடசாலை அணியில் இருந்த நாட்களைவிடச் சந்தோசமான நாட்கள் எனக்கு இருந்ததில்லை. கலியாணம் உட்படத்தான் சொல்கிறேன், இவர் வாசித்தாலும் பரவாயில்லை.

எண்பதுகளின் கடைசிப் பகுதியில், ஊரிலிருந்து வந்த ஒருவர் எங்கள் கல்லூரி மண்டபத்தின் கூரை ஷெல் விழுந்து போய்விட்டது என்று சொன்னார். காலை ஷிப்ட் முடித்து வந்து, படியில் இருந்து அழுதேன். அடுத்த ஞாயிறு விளையாட்டு விழா. நான் கூடாரத்துக்குள் கெண்டியும் கையுமாக நிற்கிறேன். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு கல்லூரியாகப் பெயர் போகிறது. உடைந்து இரண்டானதைக்கூட இரண்டு தரம் கூப்பிடுகிறார்கள். எங்களுடையதைக் கூப்பிட ஒருவரும் இல்லை. அங்கே கூரை இல்லை, இங்கே பெயரும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மைதானத்தில் எங்கள் கல்லூரியின் பெயர் ஒலிக்கவேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு என்னை விடவேயில்லை.

அந்த மாரிகாலப் பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். எங்கள் கல்லூரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நாங்கள் வலைப்பந்து அணி இறக்குகிறோம் என்றேன். தலைவர் அண்ணை நல்ல மனுசன், கோபப்படத் தெரியாதவர். அதுதான் இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

"பிள்ளை, ஒன்றியத்திலை சேர்றதெண்டால் கிரிக்கெட் டீம் இறக்கவேணும். அது ஒன்றியத்தின்ரை யாப்பிலை உள்ள சட்டம். நீங்கள் பதினொரு பேர் கிரிக்கெட் விளையாடுவியளோ?"

மண்டபம் சிரித்தது.

"வலைப்பந்தைப் பற்றிப் பிறகு பாப்பம். இப்ப தேத்தண்ணி ஆறப்போகுது, ரோல்ஸைக் கொண்டுவாங்கோ."

இன்னும் கொஞ்சம் சிரித்தது. அடுத்த கூட்டத்துக்குப் போன ரோல்ஸில் மிளகாய் கொஞ்சம் கூடிவிட்டது. தற்செயல்தான்.

ஒரு சனிக்கிழமை குசினியில் நாங்கள் பழைய கதை கதைத்துக்கொண்டிருந்தோம். இவர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். இவரும் தலைவர் அண்ணையின் அதே பெரிய கல்லூரி. பிறந்ததே அதன் வாசலில் என்று நினைக்கும் அளவுக்கு அதன் புகழ் பாடுகிறவர். பேச்சு எங்கள் கல்லூரி மணி எங்கே தொங்கியது என்பதில் வந்து நின்றது. நான் மாமரத்தில் என்றேன், கிழங்கு அவித்தவளும் மாமரத்தில் என்றாள்.

"மாமரத்திலை இல்லை," என்றார் இவர் முட்டையைப் பார்த்தபடி. "முதல் வேப்பமரத்திலைதான் தொங்கினது. கொப்பு முறிஞ்ச பிறகுதான் மாமரத்துக்கு மாத்தினவை."

எல்லோருடைய கையும் நின்றது. எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

இவர் முட்டையை வைத்துவிட்டு எழும்பப் பார்த்தார். நான் வாசலில் நின்றேன், கையில் பொரிக்கிற கரண்டி.

"நாலாம் வகுப்பு வரைக்கும் அங்கைதான் படிச்சனான்," என்றார். "இதை வெளியிலை சொல்லிப்போடாதையும்."

எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்லூரிகளில் கீழ்ப்பிரிவில் ஆண் பிள்ளைகளையும் சேர்ப்பார்கள். நாலாம், ஐந்தாம் வகுப்போடு அவர்களை வெளியே அனுப்ப, அவர்கள் ஆண்கள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து, அதன்பிறகு செத்தாலும் முதல் பள்ளிக்கூடத்தின் பெயரை வாயில் எடுக்கமாட்டார்கள். எடுத்தால் பெட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்று ஆயுளுக்கும் பகிடி. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பக்கத்து வாங்கில் மூக்கொழுக இருந்த பெடியன்களை நாங்களே மறந்துவிட்டோம், அவ்வளவுதான். இவர் எனக்குச் சில வகுப்பு முந்தினவர், அதனால் தப்பியிருந்தார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் ஞாபகம் வந்தது, எந்த வகுப்பிலாயினும், ஒரு தவணையாவது. நான் கரண்டியோடு துள்ளினேன். இவர் பயந்துபோனார்.

அன்றிலிருந்து லண்டன் முழுக்க வேட்டை. மனைவிமாருக்குப் போன் எடுத்து, "உங்கட அவர் சின்னனிலை எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் ஒளிந்திருந்தார். பாங்கில் வேலைசெய்யும் ஒருவர் தொலைபேசியை வாங்கி, "அக்கா, நான் வாறன், ஆனால் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது" என்று கெஞ்சினார். பெயரில்லாமல் எப்படிக் கிரிக்கெட் விளையாடுவது என்று நான் கேட்கவில்லை. வந்தால் போதும்.

சட்டனில் மகனோடு வந்து தங்கியிருந்த எங்கள் பாலர் வகுப்பு ரீச்சரைக் கண்டுபிடித்ததுதான் பெரிய வெற்றி. பென்சன் எடுத்துக் கனகாலம். மெலிந்த உருவம், ஆனால் குரல் அப்படியே. தான் படிப்பித்த பிள்ளைகளில் ஒருவரையும் அவர் மறந்ததில்லை. நாங்கள் கேட்கக் கேட்க இன்னாரின் மகன், இன்ன ஒழுங்கை, மூக்குச் சளி, பொய் சொல்லுவான் என்று அடையாளம் சொல்லிக்கொண்டே போனார். அப்படிச் சொன்ன பெயர்களில் ஒன்று தலைவர் அண்ணையுடையது. நான் என் காதை நம்பாமல் திரும்பக் கேட்டேன். ரீச்சர், "என்னைக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் ரீச்சர் முன்வரிசையில் இருந்தார். உள்ளே வந்த ஆண்களில் சிலர் அவரைக் கண்டதும் திடுக்கிட்டு, திரும்பிப் பின்வரிசையைத் தேடினார்கள். நான் எழும்பி, எங்களிடம் கிரிக்கெட் அணி இருக்கிறது, எல்லோரும் பழைய மாணவர்கள், யாப்பின்படி ஒரு தவணைக்குக் குறையாமல் படித்தவர்கள் என்றேன். ஆர் அந்த வீரர்கள் என்று தலைவர் அண்ணை சிரித்துக்கொண்டே கேட்டார். ரீச்சர் கையை ஊன்றி எழும்பினார்.

"தம்பி, உனக்கு ஆனா ஆவன்னா எழுதப் பழக்கினது ஆர்?"

தலைவர் அண்ணையும் எழும்பிவிட்டார். எழும்பியது அவருக்கே தெரிந்திருக்காது.

"நீங்கள்தான் ரீச்சர்."

"குழப்படி செய்தால் உன்னை எங்கை கொண்டுபோய் இருத்துறனான்?"

"ஏழாம் வகுப்பிலை, ரீச்சர்."

"எந்த ஏழாம் வகுப்பு?"

"ஏழு பி. கிணத்தடிப் பக்கம்."

"பெரிய பெட்டையளுக்கு நடுவிலை இருக்க வெக்கத்திலை யன்னலாலை குதிச்சு ஓடினனி. நீ குதிச்ச குதியிலை பிணைச்சல் கழண்டு, அந்த யன்னல் பிறகு பூட்டுப்படவேயில்லை. நான் பென்சன் எடுக்குமட்டும் பூட்டுப்படேல்லை."

அந்த மண்டபம் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மலேசியக்காரர் ஒன்றும் விளங்காமல் பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கம் கேட்டு, விளங்கியதும் தனியாக இன்னொரு தரம் சிரித்தார். "சட்டப்படி சரிதானேங்க, ஒரு டெர்ம் படிச்சா போதும்னு நீங்கதானே எழுதினீங்க?" என்று அவர் கேட்டது வெள்ளைமனத்தோடுதான். எங்களைச் சேர்த்தார்கள், ஒரு நிபந்தனையோடு. முதல் ஆட்டத்துக்குப் பதினொரு பேரும் மைதானத்தில் நிற்கவேண்டும். ஒருவர் குறைந்தாலும் உறுப்புரிமை இல்லை.

முதல் ஆட்டம் பெரிய கல்லூரியோடு. இவருக்கு அந்தக் கிழமை முழுக்க நித்திரை இல்லை. தன் சொந்த அணிக்கு எதிராக, பெண்கள் கல்லூரியின் நிறத்தில் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கவேண்டும். "உமக்காகச் செய்யிறன்" என்றார். "எனக்காக வேண்டாம், வேப்பமரத்துக்காகச் செய்யுங்கோ" என்றேன்.

ஆட்ட நாள் நல்ல வெயில். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், தொப்பியைக் கண்வரை இழுத்து விட்டுக்கொண்டு. பத்துப் பேர். பதினொராவது ஆள் பெற்றோல் ஸ்ரேசனில் வேலைசெய்கிறவர். அவருடைய இடத்துக்கு வரவேண்டியவர் வரவில்லை, கடையை விட்டு அசைய ஏலாது என்று போன் வந்தது. நான் கூடாரம் கூடாரமாக ஓடினேன். என் கல்லூரியில் படித்த இன்னொரு முகம் அகப்படாதா என்று பார்க்கிறேன், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நாணயம் சுண்டும் நேரம் வந்தது. நடுவர் என்னிடம் வந்து, "என்னங்கம்மா, பத்துப் பேர்தான் நிக்கிறாங்க" என்றார், உண்மையான கவலையோடு. ஒரு ஆளால் எல்லாம் போகப் போகிறது.

அப்போது பெரிய கல்லூரியின் கூடாரத்திலிருந்து தலைவர் அண்ணை எழும்பி வந்தார். ஐம்பது வயது, வெள்ளைக் காற்சட்டை வயிற்றின் கீழே எங்கோ கட்டப்பட்டிருந்தது. அவருடைய ஆட்கள் பின்னால் நின்று கூச்சலிட, மைதானத்தின் நடுவால் நடந்து எங்கள் பக்கம் வந்து கையை நீட்டினார்.

"தொப்பியைத் தாரும் பிள்ளை."

நான் கொடுத்தேன். தலைக்குச் சின்னதாக இருந்தது.

"எங்கை நிக்கிறது?"

"பந்து வராத இடமாப் பாத்து நில்லுங்கோ அண்ணை," என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

நாங்கள் படுதோல்வி. இவர் முதல் பந்திலேயே அவுட். தலைவர் அண்ணை கடைசி ஆளாக இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பந்தை எல்லைக்கு விளாசி, அடுத்ததில் போனார். போனால் போகட்டும். அந்தக் கோடையின் கடைசி ஞாயிறு ஒலிபெருக்கியில் எங்கள் கல்லூரியின் பெயர் வந்தது. கொடியை ரீச்சர் பிடிக்க, பெண்கள் முன்னால், பதினொரு ஆண்கள் பின்னால் போனோம். என் காலில் அன்றைக்கு ஒரு நோவும் இல்லை.

உள்ளே போய்விட்டால் யாப்பை மாற்றுவது லேசு. அடுத்த வருடமே வலைப்பந்து அணி இறக்கினாலும் உறுப்புரிமை உண்டு என்று மாற்றினோம். மைதானத்தின் ஓரத்து டெனிஸ் கோர்ட்டில் கோடு கீறி, கம்பம் நட்டு விளையாடினோம். மற்றப் பெண்கள் கல்லூரிகளும் வந்தன. ரோல்ஸ் செய்வது முறைவைத்து எல்லோர் தலையிலும் விழுந்தது. தலைவர் அண்ணை சுற்றிய ரோல்ஸ் பொரிக்கும்போதே அவிழ்ந்துவிடும். உடைந்த கல்லூரி திரும்ப ஒட்டியது. ஒட்டியிருந்த இரண்டும் ஆட்கள் சேர்ந்ததும் பிரிந்தன. ஒரு கல்லூரி ஏறக்குறைய முழுதாகக் கனடாவுக்குக் குடிபோய்விட்டது, விளையாட்டுச் சாமான்களை எங்களுக்குத் தந்துவிட்டு. தொண்ணூறுகளில் ஒன்றியம் சோர்ந்ததில்லை, ஆட்கள்தான் மாறிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அணியிலும் மாறினார்கள், ஆனால் ஒரே பக்கமாக. ஒருத்தி கனடா போனாள். ஒருத்திக்கு முழங்கால் போனது. இன்னொருத்திக்கு இரட்டைப் பிள்ளை. ஊரிலிருந்து வருகிறவர்களில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள், அங்கே படிப்பே ஒழுங்காக நடக்காத காலம். ஆண்களை எழுப்பித் திரும்ப இறக்கலாம் என்றால், அவர்களுக்கும் வயது போய்விட்டது, ஒருவரைக் கூப்பிட்டால் டொக்டரின் பெயரைச் சொன்னார். பிறகு தொண்ணூற்றைந்தின் சண்டையில் யாழ்ப்பாணத்தில் பாதி பெயர்ந்து நடந்தது. எங்கள் கல்லூரிக் கட்டடம் நிற்கிறதோ இல்லையோ என்று சொல்ல ஆளில்லாத மாதங்கள் அவை. எனக்கு இரவும் பகலும் அந்த மணியும் மரமும்தான்.

அதற்குப் பிறகு இரண்டொரு கோடை கழித்து ஒரு ஞாயிறு. பருவத்தின் முதல் ஆட்டம். நாங்கள் ஆறு பேர். ஏழு பேர் இல்லாவிட்டால் அணி இல்லை, அணி இல்லாவிட்டால் விழாவில் பெயர் இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். நானே அதற்குக் கை தூக்கினவள். நான் என் நாற்பது வயதுக் காலுக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு, வராத ஒருத்தியை எதிர்பார்த்துக் கம்பிவேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும், நல்ல உயரம், பிள்ளை தள்ளுவண்டியில் நித்திரை. எங்கள் அணிப் பெண் எறிந்த பந்து வேலிக்கு மேலால் போக, அவள் எம்பி ஒற்றைக் கையால் பிடித்தாள். பிடித்த விதம் எனக்குத் தெரியும், பழகின கை.

"எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன். வேறு கேள்வி எனக்கும் வராது.

கடற்கரைப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றைச் சொன்னாள். லண்டனில் அதற்குச் சங்கமும் இல்லை, ஆட்களும் இல்லை.

"அது இப்ப இல்லை அக்கா. முழுக்க உடைஞ்சிட்டுது."

"வலைப்பந்து எங்கை பழகினனீர்?"

அவள் எங்கள் தொப்பியைப் பார்த்தாள், அதிலிருந்த பெயரை வாசித்தாள்.

"உங்கட பள்ளிக்கூடத்திலைதான். ஆனால் நான் அங்கை படிக்கேல்லை அக்கா. எங்கட பக்கம் ஷெல் அடிக்க, இடம்பெயர்ந்து வந்து அங்கைதான் அகதியா இருந்தனாங்கள். ஒரு வருசத்துக்கு மேலை. காலமை பிள்ளையள் படிக்க வருவினம், நாங்கள் சட்டி பானையை மூலையிலை அடுக்கிப்போட்டு மரத்தடிக்குப் போவம். பின்னேரம் திரும்ப எங்கட வீடு. முத்தத்திலை வலைப்பந்துக் கம்பம் நிண்டது. துணிப் பந்து சுத்தி நாங்கள் பெட்டையள் விளையாடுவம். விளையாடேக்கைதான் பயமில்லாமல் இருக்கும்."

நான் அவளுடைய கையைப் பிடித்தேன். எங்கள் கல்லூரி கைவிடப்பட்டுக் கிடந்தது என்று நான் லண்டனில் இருந்து அழுதுகொண்டிருந்த அதே மாதங்களில், அங்கே ஆட்கள் சமைத்திருக்கிறார்கள், நித்திரை கொண்டிருக்கிறார்கள், விளையாடியிருக்கிறார்கள். அந்த நிம்மதியை எனக்கு வேறு யாரும் தந்திருக்க முடியாது.

தள்ளுவண்டியை முழங்கால் போனவளிடம் கொடுத்தோம். கோல் கீப்பர் சட்டையை அவளுக்கு மாட்டிக்கொண்டிருக்கும்போது, ஒலிபெருக்கியோடு தலைவர் அண்ணை வந்தார். அப்போது அவருக்குத் தலை முழுக்க நரை. எதிரணிக் கப்டன் முறையிட்டிருக்கவேண்டும்.

"பிள்ளை, உவ புது ஆளெல்லே. உங்கட பழைய மாணவியோ?"

"ஓம்," என்றேன்.

"எந்த வகுப்பு?"

அது எனக்குத் தெரியாது. அவளைப் பார்த்தேன்.

"வகுப்பெண்டு இல்லை ஐயா," என்றாள் அவள். பொய் சொல்லத் தெரியாதவள். "இடம்பெயர்ந்து அங்கை இருந்தனாங்கள். ஏழு பியிலை. கிணத்தடிப் பக்கம். நல்ல அறை, மழைக்குத்தான் கஷ்டம். ஒரு யன்னல் பூட்டுப்படாது. அம்மா சாக்குக் கட்டி வைச்சிருந்தவ."

தலைவர் அண்ணை ஒலிபெருக்கியைக் கையில் திருப்பினார். அவருடைய கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

"ஒரு வருசம் நனைஞ்சனீங்களோ?" என்று கேட்டார்.

"பழகிப் போச்சுது ஐயா."

அவர் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார். எங்கள் கல்லூரியின் பெயரை முழுதாக, ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

"ஏழு பேரும் வந்திட்டினம். தொடங்குங்கோ."